அத்தியாயம் 6: 'நல்லா இருக்கேன்' என்ற பதிலுக்கு அப்பால்

மாற்றுத்திறனாளிகளுக்கான எந்த இல்லத்துக்குப் போனாலும் அலுவலக அறையில் தடித்த பதிவேடு ஒன்று இருக்கும். வழங்கிய உணவு, பிசியோதெரபி நடந்த நாட்கள், மருத்துவ முகாம்கள், கொடுத்த வீல்சேர்கள் எல்லாம் அதில் வரிசையாக ஏறியிருக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று வேளை என்றால் ஆண்டுக்கு 1,095 சாப்பாடு. ஆய்வுக்கு வருபவர் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்த 1,095 வேளையில் ஒரு வேளையாவது, "இன்னைக்கு என்ன சமைக்கலாம்?" என்று சாப்பிடுகிறவரிடம் கேட்டோமா என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

அந்தக் கட்டத்தைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். என்ன கொடுத்தோம் என்று எண்ணுவது ஒரு வேலை. கொடுத்ததால் அவருடைய வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது வேறு வேலை. நீங்கள் நடத்துவது சிறப்புப் பள்ளியோ, பகல்நேர மையமோ, தங்கும் இல்லமோ, வீடு தேடிப் போய்ச் செய்யும் மறுவாழ்வுப் பணியோ, இந்த இரண்டாவது வேலை உங்களுக்கும் உண்டு.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டவர்களைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. சாப்பாடு போடுகிறார்களா, படுக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தக் கொட்டகையும் தேறியிருக்கும்.

யார் கேட்பது?

நான் களப்பணிக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இல்லத்தில் கருத்துக் கேட்கும் படிவத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரே காலையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டு முடித்தேன். அத்தனை பேரும் ஒரே பதில்: "நல்லா இருக்கேன் மிஸ்." மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மாலையில் குழாயடியில், இரு கால்களிலும் கேலிபர் போட்ட ஒரு பெண்மணி மெதுவாகச் சொன்னார்: "வார்டன் அம்மா பக்கத்துல நிக்கிறாங்க. வேற என்னத்தைச் சொல்றது? ராத்திரி பாத்ரூமுக்கு அவங்கதானே கூட்டிட்டுப் போகணும்?" அன்று நிரப்பிய படிவங்கள் எதற்கும் பயன்படாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே முதல் விதி: சோறு போடுகிற கை கேள்வித்தாளைப் பிடிக்கக்கூடாது. உங்கள் ஊழியர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் சரி. பக்கத்து ஊர் நிறுவனத்தோடு பேசி, அவர்கள் ஆள் இங்கே வந்து கேட்கட்டும், உங்கள் ஆள் அங்கே போய்க் கேட்கட்டும். செலவு பேருந்துக் கட்டணம்தான். இதைவிடவும் நல்ல வழி, பயிற்சி பெற்ற ஒரு மாற்றுத்திறனாளியே கேட்பது. வீல்சேரில் வரும் ஒருவர், "கழிவறைக் கதவு உங்க வண்டிக்கு அகலமா இருக்கா?" என்று தொடங்கினால், அதற்குப் பிறகு வரும் பேச்சே வேறாக இருக்கும்.

இடத்தையும் நாளையும் கவனியுங்கள். அலுவலக அறை வேண்டாம். மரத்தடியோ மொட்டைமாடியோ, அவர் எங்கே உட்கார விரும்புகிறாரோ அங்கே. தீபாவளித் துணி கொடுக்கும் வாரத்திலும் நன்கொடையாளர் வரும் நாளிலும் கேட்காதீர்கள். இதை எதற்காகக் கேட்கிறோம், யார் படிப்பார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பதில் சொல்ல மறுத்தாலும் அவருக்குக் கிடைப்பது எதுவும் குறையாது என்றும் சொல்லுங்கள். அடி, பாலியல் தொல்லை போன்ற ஏதாவது வெளியே வந்தால் அதை உங்களுக்குள் வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் பேச்சு தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நம்பிச் சொன்ன பிறகு, "இதை நான் மேலே சொல்லியாகணும்" என்பது துரோகமாகவே அவருக்குப் படும்.

'ஆமாம்' என்கிற பொறி

அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களிடம் 'ஆமாம் / இல்லை' கேள்வி கேட்டால், புரியாதபோது பெரும்பாலும் 'ஆமாம்' என்றே வரும் என்பதை 1981-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ஆள் ஆமாம் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தலையாட்டினால் எதிரே இருப்பவர் சிரிப்பார் என்று வாழ்நாள் முழுக்க அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

"இங்கே உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். "நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க? யாரோட பேசினீங்க?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதாக இருந்தால் படங்களை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் மட்டும் கேட்டால் கடைசியாகச் சொன்னதையே பிடித்துக்கொள்வார்கள். கால் மணி நேரம் கழித்துப் படங்களை இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே படத்தில் கை வைத்தால் அதைப் பதில் என்று எழுதலாம். மாறினால், 'தெளிவில்லை' என்று எழுதுங்கள். அதுவும் நேர்மையான பதிவுதான்.

எதைக் கொண்டு அளப்பது?

உலக அளவில் அதிகம் புழங்கும் கருவிகளில் ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம். அதன் மூலமான 100 கேள்விப் படிவம் 1990-களில் உலகின் 15 மையங்களில் ஒரே சமயத்தில் உருவானது. அவற்றில் ஒன்று அன்றைய மெட்ராஸ். தமிழ் பேசுகிறவர்களிடம், 'நல்ல வாழ்க்கைன்னா என்ன?' என்று கேட்டதும் அதன் அடித்தளத்தில் இருக்கிறது. ஆகவே தமிழ்ப் படிவத்தை வெறும் மொழிபெயர்ப்பு என்று ஒதுக்கவேண்டாம். வாழ்க்கைத் தரம் என்பதற்கு அந்த நிறுவனம் தரும் விளக்கமும் நமக்கு உதவும்: தான் வாழும் பண்பாட்டுக்குள் நின்று, தன் இலக்கு, எதிர்பார்ப்பு, கவலை இவற்றை வைத்துத் தன் நிலையைப் பற்றி அவரவர் உணர்வதுதான் அது. டாக்டர் உணர்வதோ, அம்மா உணர்வதோ, வார்டன் உணர்வதோ அதில் சேராது.

26 கேள்விகளில் முதல் இரண்டு பொதுவானவை. மீதி 24 கேள்விகள் நான்கு பகுதிகளில் வரும்: உடல் 7, மனம் 6, உறவுகள் 3, சுற்றுச்சூழல் 8. கடந்த இரண்டு வாரங்களை மனதில் வைத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுக்கவேண்டும்.

நம் ஊரில் இந்த ஐந்து படிதான் இடறும் இடம். 'மிதமாக' என்பதற்கும் 'மிகவும்' என்பதற்கும் என்ன தூரம் என்று கேட்டால் படித்தவர்களே தடுமாறுவார்கள். படிவத்தின் சொற்களை நீங்கள் மாற்றக்கூடாது. மாற்றினால் மற்ற ஊர்க் கணக்கோடு ஒப்பிட முடியாது. ஆனால் புரியவைக்க உதவிக்கு நம்மிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது: ஒண்ணுமில்லை, கால், அரை, முக்கால், முழுசு. சரியாக ஐந்து படி. உழக்கிலும் படியிலும் அளந்து பழகிய பாட்டி முதல் டீக்கடையில் வேலை செய்யும் பையன் வரை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஐந்து எவர்சில்வர் டம்ளரில் அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வரிசையாக வையுங்கள். பார்வையற்றவர் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். பேச வராதவர் தொட்டுக் காட்டுவார்.

உறவுகள் பகுதியில் இருக்கும் மூன்று கேள்விகளில் ஒன்று பாலுறவு வாழ்க்கை பற்றியது. நம் களப்பணியாளர்கள் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "இவங்ககிட்ட எப்படிங்க அதைக் கேக்கறது?" கல்யாணமான பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சப்படுவது வேறு. இவருக்கு அப்படி ஒரு வாழ்க்கையே இருக்காது என்று முடிவு கட்டுவது வேறு; அது அவமதிப்பு. கேள்வியைக் கேளுங்கள், தனிமையில், அதே பாலினத்தவர் மூலமாக. பதில் சொல்வதும் மறுப்பதும் அவர் விருப்பம்.

இனி அந்தப் படிவத்தின் குறை. முதுகுத் தண்டுவடம் பாதித்த ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். உடல் பகுதியின் ஏழு கேள்விகளில், படிவத்தில் 3-ஆவதாக வரும் வலி, 4-ஆவதாக வரும் மருத்துவத்தைச் சார்ந்திருப்பது இரண்டையும் தலைகீழாக எண்ணவேண்டும்: 6-இலிருந்து அவர் சொன்ன எண்ணைக் கழிக்கவேண்டும். வலி குறைவு என்று 2 போட்டார். அது 4 ஆகிறது. நாள்தோறும் கதீட்டர் வேண்டும், ஆகவே மருத்துவச் சார்புக்கு 5 போட்டார். அது 1 ஆகிறது. மற்ற ஐந்து கேள்விக்கும் 4, 3, 4, 4, 4. கூட்டினால் 24, ஏழால் வகுத்து நான்கால் பெருக்கினால் 13.7, அதை நூற்றுக்கு மாற்றினால் 61. மருத்துவ உதவியே வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் 75 வந்திருக்கும். 14 மதிப்பெண்ணை அந்தக் கதீட்டர் விழுங்கிவிட்டது. உண்மையில் அந்தக் கதீட்டரால்தான் அவர் பேருந்து ஏறி வேலைக்குப் போய்வருகிறார்! உதவி தேவைப்படுவதையே ஒரு குறையாக எண்ணும் பார்வை கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. இதை ஈடுசெய்ய ஊனமுற்றோருக்கென்று 13 கூடுதல் கேள்விகளைச் சேர்த்த இணைப்பு ஒன்று 2010-இல் வெளியானது. பாகுபாடு, தானே முடிவெடுத்தல், மரியாதை, எதிர்கால நம்பிக்கை எல்லாம் அதில் வருகின்றன. 26-ஐ மட்டும் பயன்படுத்தாதீர்கள். 13-ஐயும் சேர்த்தே கேளுங்கள்.

நான்கு பகுதிகளின் மதிப்பெண்ணைச் சராசரியாக்கி ஒரே எண்ணாக்கவும் வேண்டாம். உறவுகளில் 25, சுற்றுச்சூழலில் 75 என்று இருக்கும் ஒருவரை '50' என்று எழுதினால், அவருக்கு நண்பர் எவரும் இல்லை என்ற செய்தி காணாமல் போய்விடும்.

எண் சொல்லாதவை

1999-இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஊனமுற்ற 153 பேரிடம் பேசி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. கடுமையான ஊனம் உள்ளவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கை நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களின் இரக்கம் எவ்வளவு பிழையானது என்பதை அது காட்டியது. ஆனால் இதை இல்ல நிர்வாகிகள் கேடயமாக்கிக்கொள்ளக்கூடாது. இருபது ஆண்டுகள் ஒரே கூடத்தில் வாழ்ந்தவர் முக்கால் டம்ளரைக் காட்டினால், அது நிறைவாகவும் இருக்கலாம்; இதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக்கூடாது என்று கற்றுக்கொண்டதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, மனநிறைவைக் கேட்பதோடு கண்ணால் காணக்கூடிய உண்மைகளையும் பக்கத்தில் எழுதவேண்டும்.

அதற்கு நான் பயன்படுத்துவது ஒரு வாரக் குறிப்பு. 'யார் முடிவு செய்தது?' என்பதே அதன் தலைப்பு. எழுந்த நேரம், குளித்த நேரம், போட்ட சட்டை, பார்த்த டி.வி. நிகழ்ச்சி, விளக்கு அணைத்த நேரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே: அவரா, ஊழியரா, கால அட்டவணையா? ஒரு வாரத்தில் 50 முடிவுகள் சேர்ந்தால் அவற்றில் அவருடையவை எத்தனை என்று எண்ணுங்கள். நிர்வாகக் கூட்டத்தில் எந்த விளக்கப்படத்தையும்விட இந்த ஒரு தாள் அதிக அமைதியை உண்டாக்கும்.

இன்னும் சில கேள்விகள் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். அறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டா? கைபேசி சொந்தமாக இருக்கிறதா, யாராவது வாங்கிவைத்துக் கொடுக்கிறார்களா? மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை வந்தால் ஏ.டி.எம். அட்டை யார் கையில்? சம்பளம் வாங்காத மனிதர் எவராவது, அதாவது ஊழியரும் உறவினரும் அல்லாத ஒருவர், கடந்த மாதம் அவரைப் பார்க்க வந்தாரா? ஓட்டுப் போட்டாரா?

அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். நாற்பது வயதுப் பெண்ணை, டவுன் சின்ட்ரோம் இருப்பதாலேயே, "பாப்பா" என்று கூப்பிடும் வழக்கம் நம் ஊரில் எங்கும் உண்டு. அன்பில்தான் கூப்பிடுகிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் பாப்பாவிடம் யாரும் கல்யாணத்தைப் பற்றியோ வங்கிக் கணக்கைப் பற்றியோ கேட்பதில்லை. அவருக்கு எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேட்டு, அந்தப் பெயரைப் படிவத்தின் தலைப்பில் எழுதுங்கள். பக்கத்து இல்லத்துப் பெண் ஒருவர் தன் முழுப் பெயரோடு 'அக்கா' சேர்த்துக் கூப்பிடச் சொன்னார்; அன்று முழுக்க அவர் நடையே வேறாக இருந்தது.

இதெல்லாம் சலுகை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 5-ஆவது பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. குறிப்பிட்ட ஏற்பாட்டில்தான் தங்கவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் வராதபடி அரசு முயலவேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு 'தி பானியன்' அமைப்பு 2015-இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' ஒரு பதில். மருத்துவமனையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட, மனநோய் உள்ளவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டில் வாழ்கிறார்கள். அதை மதிப்பிட்டவர்கள் நோய் அறிகுறிகளோடு நிற்காமல், ஊரோடு எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்பதையும் அளந்தார்கள்.

பேச்சு இல்லாதவர்

கடுமையான மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகை ஊனம் உள்ளவர்கள் எல்லோரும் டம்ளரைக் காட்டிவிடமாட்டார்கள். உடனே அம்மாவிடம் போய்க் கேட்டு நிரப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. உறவினரின் பதில், கண்ணுக்குத் தெரியும் விஷயங்களில் (தூக்கம், நடமாட்டம், சாப்பாடு) ஓரளவு பொருந்தும். மனதுக்குள் நடப்பதில் பெரும்பாலும் பொருந்தாது, பல சமயம் இருப்பதைவிட மோசமாகவே மதிப்பிடும். ஆகவே அம்மா சொன்னதை அம்மா சொன்னது என்றே தனித் தாளில் எழுதுங்கள். அவருடைய பதிலாக மாற்றி எழுதாதீர்கள்.

அதோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு நாளில் மூன்று வெவ்வேறு நேரங்களில், தலா இருபது நிமிடம். யார் உள்ளே வந்தால் முகம் திரும்புகிறது? யார் வந்தால் உடம்பு விறைக்கிறது? ஊட்டும்போது வாயைத் திறக்கும் வரை காத்திருக்கிறார்களா, ஸ்பூனை அழுத்துகிறார்களா? ஒரு பையன் தினமும் மாலை நாலரைக்கு ஜன்னல் பக்கம் உருண்டு போவதை மூன்று நாள் பார்த்த பிறகுதான், அது பள்ளிக்கூட வேன் திரும்பும் நேரம் என்று எங்களுக்கு உறைத்தது. அவனுக்குப் பிள்ளைகளின் சத்தம் வேண்டியிருந்தது.

கேட்ட பிறகு

ஆண்டுக்கு இரண்டு முறை போதும். ஒவ்வொரு மாதமும் கேட்டால் பதில் தேய்ந்துவிடும். இந்த ஆளின் மார்ச் மாத நிலையை இதே ஆளின் செப்டம்பர் நிலையோடு ஒப்பிடுங்கள். பார்வையற்றோர் விடுதியை மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தோடு ஒப்பிட்டு எது மேல் என்று வரிசைப்படுத்தாதீர்கள். நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் யார் சொன்னது என்று ஊகிக்க இடம் தரும் வரிகளை நீக்குங்கள். பத்துப் பேர் உள்ள இல்லத்தில் 'கேலிபர் போட்ட ஒருவர்' என்றாலே ஆள் தெரிந்துவிடும்.

எண் குறைந்தால் பயப்படவேண்டாம். முதல் முறை 'முழுசு' என்றவர்கள் இரண்டாம் முறை 'அரை' என்பார்கள். பலமுறை பார்த்துவிட்டேன். இப்போதுதான் உங்களை நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். இதை நிர்வாகக் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் உண்மை பேசியதற்கு அவர்களைத் தண்டித்ததாக முடியும்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற முடியாது. ஒருவருக்கு ஒன்று என்று எடுங்கள். நான் பணிபுரிந்த ஓர் இல்லத்தில் இரவுச் சாப்பாடு மாலை ஆறு மணிக்கு. சமையல்காரருக்குக் கடைசிப் பேருந்து ஏழு மணிக்கு என்பதுதான் காரணம். ஒருவர் விடாமல், ராத்திரி பசிக்கிறது என்று சொன்னார்கள். சமைத்ததை ஹாட்பாக்ஸில் வைத்து, எட்டு மணிக்கு அவர்களே பரிமாறிக்கொள்ளும்படி மாற்றினோம். ஹாட்பாக்ஸ்களைத் தவிர எந்தச் செலவும் இல்லை. அடுத்த முறை 'யார் முடிவு செய்தது' தாளில் புதிதாக ஒரு வரி வந்தது: யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது.

நிரப்பிய தாளைக் கோப்பில் வைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அவர் எதிரே உட்கார்ந்து, அவர் சொன்னதை அவருக்கே வாசித்துக் காட்டி, எதை மாற்றப்போகிறோம், எதை மாற்ற முடியவில்லை, ஏன் என்று சொல்லுங்கள். தாளின் ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள். அது அவருடைய வாழ்க்கையைப் பற்றிய தாள்.